வாவிக்கரை வாசகர்க்கு விஞ்ஞானப் புனைகதைகள்



கதை கேட்பதிலும் படிப்பதிலும் மட்டக்களப்புப் பகுதியார்க்குள்ள ஈடுபாடு பழமையானது. வைகாசி மாதத்துச் சடங்குக் காலத்திலே கண்ணகை அம்மன் ஆலயங்களில் வழக்குரை காவியம் பாடப்படுவதையும், திரௌபதை அம்மன் ஆலயங்களிற் பாரதம் படிக்கப்படுவதையும், எழுத்தறியாத முதியோரும் இருந்து கேட்டுக் கண்கலங்குவதையும் எவரும் அறிவர். ஆயினும் விஞ்ஞானப் புனைகதை என்றதும் இங்குள்ள வாசகரிற் பலர் முகஞ்சுளிப்பர். அது மேனாட்டார் கதை என்பது ஒரு குறை. பறக்குந் தட்டும் இயந்திர மனிதனும் வந்துபோகும் பிள்ளை விளையாட்டு என்பது மற்றொரு குறை. இவ்விரு குறைகளும் அத்தகைய நூல்களைப் படியாதார் கூறுவன. படித்தோர் அவ்வாறு கூறார்.

முதலாவது குறையை எடுத்துக்கொள்வோம். விஞ்ஞானப் புனைகதையின் தந்தையருள் ஒருவராகக் கொள்ளப்படும் பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வேர்ண் இலங்கைக்கு வந்தவரல்லர். எனினும் 1869ஆம், 1870ஆம் ஆண்டுகளில் அவர் எழுதி வெளியிட்ட ‘கடலடியில் இருபதினாயிரம் லீக்’ என்னும் நாவலிலே, நோட்டிலஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் இலங்கைக் கரையை அடைகின்றது. கப்பற்றலைவன் நெமோ தன் விருந்தினரை மன்னார்க் குடாவின் முத்துச் சலாபத்துக்கு அழைத்துச் செல்கின்றான். முத்துக்குளிக்குங் காலம் இன்னும் தொடங்கவில்லை. ஏழை ஒருவன் மட்டும் காலிற் கல்லைக் கோத்துத் தனியனாய் மூழ்கிச் சிப்பி பொறுக்குகின்றான். சுறா ஒன்று அவனைத் தாக்குகின்றது. உலகத்தை வெறுத்துக் கடலடியில் வாழும் நெமோ, கையிற் குத்துவாளுடன் அச்சுறாவின்மேற் பாய்ந்து அந்தக் கூலிக்காரனைக் காக்கின்றான்; மயக்கந் தெளிந்தவன் கையில் ஒரு பை நிறைய முத்தும் வைக்கின்றான். ஏன் இவ்வாறு செய்தாய் என்று பின்னர் வினவப்படும்போது, அவன் ஒடுக்கப்பட்ட ஒரு நாட்டின் மகன், தானும் அத்தகைய நாட்டைச் சேர்ந்தவனே என்ற கருத்துப்பட நெமோ விடை பகர்கின்றான். நெமோ உண்மையில் யார் என்பதை வேர்ண் பிற்பட எழுதிய ‘மர்மத் தீவு’ வெளியாக்குகின்றது: அவன் ஆங்கில ஆட்சியை எதிர்த்துத் தோற்ற இந்திய இளவரசன். நீர்மூழ்கிக் கப்பல் பற்றிய கதை என்று நினைத்து இந்நாவலை எடுப்போர், குடியேற்ற ஆட்சியின் கொடுமை பற்றிய கதையைப் படித்து முடிப்பர். இவ்விரு நூல்களும் தமிழிற் சுருக்கமாக வெளிவந்துள்ளன. ஆயினும் சுருக்கங்களிற் பெரும்பாலும் முதலில் வெட்டப்படுவது இத்தகைய பகுதிதான். இயலுமானவர்கள் முழு நூலையே தேடிப் படிக்க வேண்டும்.

வேர்ண் தூரத்திலிருந்து எழுதினார். இந்நாட்டிலேயே வாழ்ந்து எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். ஆங்கிலேயரான இவர் 1956ஆம் ஆண்டு இலங்கையிற் குடியேறி, 2008 மார்ச்சு 19ஆம் நாள் கொழும்பிற் காலமாகும்வரை அரை நூற்றாண்டுக்கு மேலாக இங்கேயே வாழ்ந்தார். தொலைத்தொடர்புக்குப் பூமியைச் சுற்றும் செய்மதிகளைப் பயன்படுத்தலாம் என்று 1945ஆம் ஆண்டிலேயே கட்டுரை எழுதியவர் இவரே. கூரைகளிற் காணப்படும் கிண்ண அலைவாங்கிகள் வானத்தில் அசையாது நிற்பதுபோலத் தோன்றும் செய்மதிகளை நோக்கியிருப்பது அக்கட்டுரை கூறிய முறைப்படியே. அவர் இந்நாட்டுக்கு வந்தது விண்ணை நோக்கியன்று, கடலை நோக்கி. நீரடியிற் சுழியோடுவதில் அவருக்கிருந்த ஆசை அவரை இங்கே நிறுத்தியது. 1956இல் அவரும் அவர் தோழர் மைக் வில்சனும் திருகோணமலையிற் சுவாமிமலையின் அடிக்கடலில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் ஆலயத்தின் தூண்களையும் செதுக்குகற்களையும் கண்டனர். அதனை அவர் 1957இல் வெளிவந்த ‘தப்ரபேனின் பவளப் பாறைகள்’ என்ற நூலில் விவரித்துள்ளார். அது கதையன்று, ஆயினும் கிழக்குக் கரையார் அவருடைய நாவல்களுக்குள் நுழைவதற்கு இதைவிட நல்ல வாயில் இல்லை.

அதே 1957ஆம் ஆண்டு வந்தது ‘ஆழ்கடல் வெளி’ என்று பெயர்க்கத்தக்க நாவல். விண்வெளியில் நேர்ந்த விபத்தினால் அச்சமுற்று, இனி விண்ணுக்குச் செல்ல இயலாதவனான பிராங்கிளின் என்பவன் கடலிற் புதுவாழ்வு தேடுகின்றான். எதிர்காலத்து உலகம் உணவுக்காகத் திமிங்கிலங்களை மந்தையாக வளர்க்கின்றது. சிறு நீர்மூழ்கிகளில் ஏறி அம்மந்தைகளை மேய்ப்பது அவன் தொழில். மட்டக்களப்பின் மேய்ச்சற்றரைகளில் எருமை மேய்ப்போர் இக்கதையின் தொழில் நுட்பங்களை எளிதில் விளங்கிக்கொள்வர். ஆனால் நாவலின் உயிர் பிற்பகுதியில் உள்ளது. இலங்கையின் பௌத்த மகாநாயக்கர் ஒருவர் இக்கொலைத் தொழிலை நிறுத்த வேண்டும் என்று இயக்கம் தொடங்குகின்றார். மனிதரிலும் மேம்பட்ட உயிரினங்கள் என்றேனும் ஒருநாள் மனிதரைச் சந்திக்க நேர்ந்தால், மனிதர் தமக்குக் கீழ்ப்பட்ட உயிர்களை எவ்வாறு நடத்தினர் என்பதைக் கொண்டே மனிதரை எடைபோடக் கூடும் என்பது அவருடைய வாதம். கண்டற்காடுகள் வெட்டப்படுவதையும் வாவியின் மீன்வளம் குறைவதையும் கண்டு வருந்துவோர் இவ்வாதத்தை எளிதிற் கடந்து செல்ல மாட்டார்கள். கதாபாத்திரப் படைப்பிற் கிளார்க் வல்லவர் அல்லர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவருடைய மாந்தர் பெரும்பாலும் தம் கடமையைச் செய்யும் உத்தியோகத்தர். அழுவதும் சினப்பதும் அவர்களுக்கு அரிது. மனித உள்ளத்தின் சுழிப்புகளைத் தேடுவோர் வேறிடம் போகவேண்டும்.

சிறுவர்க்கு ஒரு நூல் கேட்போர்க்கு, 1963இல் அவர் எழுதிய ‘டொல்பின் தீவு’ ஏற்றது. வீட்டைவிட்டு ஓடிய ஜோனி என்ற சிறுவன் கப்பல் மூழ்கிக் கடலில் மிதக்கையில், ஓங்கில்கள் அவன் மிதவையைத் தள்ளிச் சென்று அவுஸ்திரேலியப் பவளப்பாறைத் தீவு ஒன்றிற் சேர்க்கின்றன. அங்கே ஒரு பேராசிரியர் அவ்வுயிர்களின் மொழியை ஆராய்ந்துகொண்டிருக்கின்றார். பின்னர்ப் பெருஞ்சூறாவளி ஒன்று தீவைத் தாக்குகின்றது. வானொலித் தொடர்பு அறுகின்றது. பேராசிரியர் நோயுற்று உயிருக்குப் போராடுகின்றார். உதவி தேடி ஜோனி என்ன செய்கின்றான் என்பதை நூலிற் படிப்பதே நன்று. 1978 நவம்பர் 23ஆம் நாளிரவு மட்டக்களப்பைச் சூறையாடிய புயலைப் பெற்றோர் வாயிலாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, அவ்வத்தியாயங்கள் வெளிநாட்டுக் கதையாகத் தோன்ற மாட்டா.

நீருயிர்களின் மொழி என்றதும் கல்லடிப் பாலம் நினைவுக்கு வராமற் போகாது. நிலவு முழுமையாகக் காயும் இரவுகளில், காற்றடங்கிய வேளையில், தோணியிலிருந்து சவளை நீருள் நிறுத்தி அதன் நுனியிற் காதை வைத்தால் யாழ்நரம்பை மீட்டுவதுபோன்ற ஒலி கேட்கும் என்பது வாவிக்கரையார் வழிவழியாகக் கூறுவது. அது மீனின் ஒலியா, சிப்பியினத்தின் ஒலியா, வேறொன்றா என்பதில் இன்றும் முடிந்த முடிபு இல்லை. சுவாமி விபுலானந்தர் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்றவர், இரசாயனம் கற்பித்தவர். அவரே அவ்வொலியை நீரர மகளிரின் இசையாகக் கண்டு கவிதை படைத்து, 1947இல் வெளிவந்த தம் ‘யாழ் நூ’லிலே அதற்கு இடமளித்தார். சுரங்களை அளந்து கணக்கிட்ட அதே கை, நீரடியில் நங்கையர் பாடுவதாகவும் எழுதியது. விஞ்ஞானமும் கற்பனையும் ஒரே உள்ளத்தில் முரணின்றி வாழ்தல் இப்பகுதிக்குப் புதிதன்று.

கிளார்க்கின் நாவல்களுள் இரண்டினை முதன்மையானவையாகக் கொள்ளலாம். 1979இல் வந்த ‘சொர்க்கத்தின் நீரூற்றுகள்’ முழுக்க முழுக்க இலங்கையை நிலைக்களமாகக் கொண்டது. பூமியிலிருந்து விண்வெளிக்கு ஏறிச்செல்ல ஒரு தூக்கியை, அதாவது வானளாவிய கம்பப் பாதை ஒன்றை, அமைக்க முயலும் பொறியியலாளர் வன்னவார் மோர்கன் அதன் கதைத் தலைவர். அத்தகைய தூக்கிக்குப் பூமத்திய இரேகையே உரிய இடம். ஆதலால் ஆசிரியர் இத்தீவையே ஏறக்குறைய 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தித் தப்ரபேன் என்று பெயரிட்டுவிட்டார். சிவனொளிபாத மலையும் சிகிரியாவும் வேறு பெயர்களில் அங்கே நிற்கின்றன. மலையுச்சியிலுள்ள பிக்குகள் தம் இடத்தை விட்டுக்கொடுக்க மறுக்கின்றனர். யார் பக்கம் நீதி என்று ஆசிரியர் விரைந்து தீர்ப்பளிக்கவில்லை. இந்நாவலின் பெருமை அதுவே. அக்கரையையும் இக்கரையையும் ஒரு பாலம் இணைத்தால் வாழ்க்கை எவ்வாறு மாறும் என்பதை, பழைய கல்லடிப் பாலத்தையும் 2013இல் அதனருகே எழுந்த புதிய பாலத்தையும் கடந்து செல்வோர்க்கு விளக்க வேண்டியதில்லை. மோர்கன் கட்ட விரும்புவதும் ஒரு பாலந்தான். அதன் மறுகரை வானத்தில் உள்ளது.

மற்றையது 1973இல் வந்த ‘இராமாவுடன் சந்திப்பு’. ஞாயிற்றுத் தொகுதிக்குள் இனந்தெரியாத உருளை ஒன்று நுழைகின்றது. கிரேக்க உரோமத் தெய்வங்களின் பெயர்களெல்லாம் வானியலார் கையிற் செலவாகிவிட்டமையால் அதற்கு இராமா என்று பெயரிடுகின்றனர். அதன் நீளம் 50 கிலோமீற்றர். மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளமுடையது என்பர். வாவியை அப்படியே உருட்டி ஓர் உருளைக்குள் வைத்தாற்போல என்று எண்ணிக்கொண்டால் அளவு புலப்படும். அவ்வுருளைக்குள் ஒரு கடலும் உண்டு. மனிதர் சிலர் அதற்குட் புகுந்து பார்க்கின்றனர். கட்டியவர் யார், எங்கே செல்கின்றனர் என்பதற்கு விடை கிடைப்பதில்லை. விடை கிடைக்கவில்லையே என்று சினப்போர் உண்டு. விடையின்மையே அந்நூலின் அழகு. பல்லாண்டு கழித்து வேறொருவருடன் சேர்ந்து எழுதப்பட்ட தொடர்நூல்கள் மூன்றும் அந்த அழகைக் கெடுத்தன. முதல் நூலோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை.

அந்நூலின் தொடக்கப் பக்கங்களில் ஒரு செய்தி உண்டு. 2077ஆம் ஆண்டு விண்கல் ஒன்று இத்தாலியில் வீழ்ந்து பேரழிவு விளைகின்றது. அதன் பின்னரே, இனி அவ்வாறு நேராதபடி வானத்தைக் காவல்புரியும் ஏற்பாடொன்றை உலகத்தார் செய்கின்றனர். பூமியை நெருங்கும் விண்கற்களைத் தேடிக் கணக்கெடுக்கும் உண்மையான திட்டம் ஒன்றை 1990களில் அமெரிக்க விஞ்ஞானிகள் வகுத்தபோது, அக்கதையிலிருந்தே அதற்குப் பெயரை எடுத்துக்கொண்டனர். இங்கே அழிவு நிகழ்வதற்கு முன்னரே காவல் தொடங்கிவிட்டது. கதையில் ஒருமுறை நிகழ்ந்தமையால், நனவில் நிகழக் காத்திருக்க வேண்டியதில்லாது போயிற்று.

இரண்டாவது குறைக்கு, பிள்ளை விளையாட்டு என்பதற்கு, இதுவே விடை. இக்கரையார் அதனை வேறுவகையில் அறிந்துள்ளனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை, சுமாத்திராவின் அருகே கடலடி நிலம் அதிர்ந்து, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின்னரே அலை நாவலடியையும் கல்லடியையும் அடைந்தது. இரண்டு மணி நேரம் சிறிதன்று. நாவலடியிலிருந்து பிள்ளைகளையும் கிழவரையும் பாலத்துக்கு அப்பால் அழைத்துச் செல்லப் போதுமான நேரம். பசிபிக் கடலில் 1949ஆம் ஆண்டிலிருந்தே எச்சரிக்கை நிலையம் இயங்கியது. இந்து சமுத்திரத்தில் அன்று அத்தகையது இருக்கவில்லை. வேண்டும் என்று உரத்துக் கேட்டோரும் அரியர். சுனாமி என்ற சொல்லையே கரையோரத்தில் மிகச் சிலரே கேட்டிருந்தனர். கிளார்க் 1957ஆம் ஆண்டு நூலிலே, 1883இல் கிரக்கதோவா எரிமலை வெடித்தபோது காலித் துறைமுகத்துக்கு வந்த அலைகளைக் குறிப்பிட்டிருந்தார். இக்கடலில் ஒருமுறை வந்தது மறுமுறையும் வரலாம் என்று கற்பனை செய்து பார்ப்பார் இல்லாது போயினர். ஹிக்கடுவையில் அவருடைய சுழியோட்ட நிலையமும் அன்று அழிந்தது. கதை படித்திருந்தால் அலை நின்றிருக்கும் என்று எவரும் கூறார். ஆயினும், ‘இது நடந்தால் என்ன?’ என்று வினவும் பழக்கம் ஒரு சமூகத்தில் வேரூன்றியிருப்பதும் இல்லாதிருப்பதும் உயிர்களின் கணக்கில் வேறுபாடு உண்டாக்கும். சரிந்துநின்ற திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரத்தைப் பார்த்தவர்க்கு இது புரியும்.

தமிழிலேயே எழுதப்பட்டவை வேண்டுமென்போர்க்குச் சுஜாதாவே முதற்பெயர். அவரது ‘என் இனிய இயந்திரா’வும் அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’வும் 1980களில் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்தவை. கதை நிகழுங்காலம் 2020களின் தொடக்கம். அன்று தொலைதூர எதிர்காலமாயிருந்த அவ்வாண்டுகள் இன்று கழிந்துவிட்டன. குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். பெயர் இரண்டு எழுத்தைத் தாண்டக் கூடாது. காணாமற்போன கணவனைத் தேடும் நிலா என்ற பெண்ணுக்குத் துணையாக வருவது ஜீனோ என்ற இயந்திர நாய். நகைச்சுவையால் வாசகரை ஈர்த்து, ஆட்சி முழுவதையும் ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்ட மக்களின் நிலையை அந்நாவல் காட்டுகின்றது. நூற்றுக்கணக்கான பக்கங்களை ஒரே மூச்சிற் படிக்கச் செய்யும் விறுவிறுப்பு அவருடையது; இரண்டாம் நூல் முதலாவதைப்போல் இறுக்கமானதன்று. ஜெயமோகனின் ‘விசும்பு’ என்ற தொகுதியிலுள்ள சிறுகதைகள் வேறு வகையின. மேனாட்டு விண்கலங்களை விடுத்து, இந்நிலத்துக்குரிய மருத்துவம், தத்துவம், பறவைகள் என்பவற்றிலிருந்து வினாக்களை எழுப்புவன. பொறுமையுடன் படிக்க வேண்டியவை.

இன்னும் இரண்டு நூல்களைக் கூறாதுவிட முடியாது. ஒன்று அமெரிக்கரான ரே பிராட்பரி 1953இல் எழுதிய ‘பரனைட் 451’. அங்கே தீயணைக்கும் படையினரின் தொழில் தீயணைப்பதன்று. புத்தகங்களைத் தேடி எரிப்பது. அவர்களுள் ஒருவன் ஒருநாள் எரிக்க வேண்டிய புத்தகத்தை ஒளித்துக்கொள்கின்றான். அந்நாட்டு மக்கள் காதிலே சிறு வானொலியைச் செருகிக்கொண்டு நாள் முழுவதும் கேட்டபடி சிந்தனையை மறந்திருப்பர் என்பதும் கதையில் வருவது. வானொலிப் பேச்சிலே இதனைச் சொல்லச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கின்றது. 1981ஆம் ஆண்டு சூன் முதலாம் நாள் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிந்ததை அறிந்த தமிழ் வாசகர்க்கு அந்நாவல் கற்பனையாகத் தோன்றாது. அதன் இறுதியில், ஒவ்வொருவரும் ஒவ்வொரு நூலை மனனஞ்செய்து தாமே நூலாக வாழும் மனிதர் வருகின்றனர். ஏடு அழிந்த பின்னும் பாட்டை நாவிற் காத்த அண்ணாவிமாரின் ஊர்களில் இப்பகுதிக்கு உரை வேண்டியதில்லை.

மற்றது சீன எழுத்தாளர் லியு சிசினின் ‘மூவுடற் சிக்கல்’ முதலாய மூன்று நாவல்கள். முதல் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2014இல் வந்தது. அடுத்த ஆண்டு ஹியூகோ பரிசு பெற்றது. 1967ஆம் ஆண்டுக் கலாசாரப் புரட்சியிலே, பௌதிகப் பேராசிரியரான தன் தந்தை கூட்டத்தின் நடுவே அடித்துக் கொல்லப்படுவதைக் கண்ட மகள், பின்னர் வானிலிருந்து வந்த ஓர் ஒலிக்குறிப்புக்கு மறுமொழி அனுப்பும் நிலையை அடைகின்றாள். மறுமொழி அனுப்பினால் மனித குலத்துக்கே கேடு என்று எச்சரிக்கப்பட்டும் அனுப்புகின்றாள். அவள் ஏன் அவ்வாறு செய்தாள் என்பதை, முப்பதாண்டு போரின் இழப்புகளைச் சுமக்கும் ஒரு சமூகம் வேறெவரினும் ஆழமாக விளங்கிக்கொள்ளும். அதனை ஏற்றுக்கொள்ளுமா என்பது வேறு வினா. இளையோர் இந்நூலைப் படித்துத் தமக்குள் வாதாடுவார்களாயின் பெரும் பயன் உண்டு.

இவற்றிற் பல ஆங்கிலத்தில் உள்ளனவே, எவ்வாறு படிப்பது என்று நேயர்கள் வினவலாம். நியாயமான வினா. விஞ்ஞானத்தைத் தமிழிற் கூறச் சொற்கள் போதா என்ற முறைப்பாடு 1936ஆம் ஆண்டுச் சென்னைச் சொல்லாக்க மாநாட்டிலேயே எழுந்து, விபுலானந்தர் தலைமையிலே விடையும் பெற்றுவிட்டது. ஆகவே சொல்லில்லை என்பது இனிச் சாட்டாகாது. செய்வார் இல்லை என்பதே உண்மை. மொழிபெயர்ப்பு வரும்வரை பழைய வழி ஒன்று உண்டு. ஆங்கிலம் அறிந்த ஆசிரியர் ஒருவர் வாரத்திற் கடைசிப் பாடவேளையில் ஓர் அத்தியாயத்தைத் தாம் படித்துவந்து, வகுப்பில் தமிழிற் கதையாகச் சொல்லலாம். காவியம் படிப்பவர் படிக்க, உரை சொல்பவர் உரைக்க, ஊர் இருந்து கேட்ட முறை அதுவே. ஒரு தவணையில் ஒரு நூல் முடியும். ஆறாம் ஏழாம் வகுப்பினர்க்கு ‘டொல்பின் தீவி’ல் தொடங்கலாம், சாதாரணதர மாணவர்க்கு வேர்ணும் சுஜாதாவும், உயர்தரத்தார்க்கு, கலைப்பிரிவினரை விலக்காது, இராமா. பிராட்பரியை ஆசிரியர்கள் முதலில் தாம் படித்துக்கொள்வது நல்லது.